ஃபெல்-ப்ரோ 1205 இன்டேக் பேக்கிங்: ரீபில்ட் செய்த செவ்ரோலெட் 350-ல் எங்கே நிற்கும், எங்கே நிற்காது

ரீபில்ட் முடித்து வண்டியில் ஏற்றிய செவ்ரோலெட் 350 என்ஜினில் இன்டேக் மேனிஃபோல்டு (கார்புரேட்டரிலிருந்து சிலிண்டர்களுக்குக் காற்றையும் பெட்ரோலையும் கொண்டுபோகும் வார்ப்பு) வெளியிலிருந்து ஏர் இழுத்தாலோ ஒழுகினாலோ, முதலில் பழி விழுவது அதற்கும் ஹெட்டுக்கும் நடுவே அடைக்கும் பேக்கிங் (கேஸ்கெட்) மேல்தான். கழற்றுவார்கள், அதே பேக்கிங்கில் புதிது ஒன்று வாங்குவார்கள், இந்தத் தடவை சிலிக்கானை இரண்டு மடங்கு அப்பி மாட்டுவார்கள். ஒரு மாதத்தில் மறுபடி ஒழுகும். ஃபெல்-ப்ரோ 1205 நல்ல பேக்கிங். ஐந்துக்கு நாலரை தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் ஹெட்டையும் பிளாக்கையும் ஃபேசிங் போட்ட, அதாவது முகத்தைச் சீவிச் சமமாக்கிய, என்ஜினில் மேனிஃபோல்டு சரியாக உட்காரவில்லை என்றால், எந்தக் கம்பெனிப் பேக்கிங்காலும் அதைச் சரிக்கட்ட முடியாது. அதனால் இந்த விமர்சனத்தில் பேக்கிங்கைப் பற்றிப் பாதியும், அது உட்காரும் இடத்தைப் பற்றிப் பாதியும் வரும்.

செவ்ரோலெட்டின் ஸ்மால் பிளாக் என்ற V8 என்ஜின் வரிசை 1955-ல் 265 கன அங்குலத்தில் வந்தது. 350 வந்தது 1967-ல். V வடிவத்தில் நிற்கும் இரண்டு ஹெட்டுகளுக்கு நடுவே ஆப்பு மாதிரி மேனிஃபோல்டு இறங்குகிறது. இன்லைன் என்ஜினில் மேனிஃபோல்டு பக்கவாட்டில் ஒரே முகத்தில் ஒட்டி நிற்கும். அங்கே பேக்கிங்குக்கு வேலை குறைவு. இங்கே அதே பேக்கிங் எட்டு இன்டேக் போர்ட்டுகளையும் (காற்று ஹெட்டுக்குள் புகும் வாய்கள்), நாலு மூலைகளில் தண்ணீர் வழிகளையும், நடுவில் எக்ஸாஸ்ட் சூடு கடக்கும் வழியையும் ஒரே நேரத்தில் அடைக்க வேண்டும். பின்பக்கத் தண்ணீர் வழிகள் பெரும்பாலான மேனிஃபோல்டுகளில் முட்டுச் சந்துதான், தண்ணீர் எங்கும் போகாது. ஆனாலும் அங்கே அழுத்தம் இருக்கும், ஒழுகவும் செய்யும். அடியில், வால்வுகளைத் தள்ளும் லிஃப்டர்கள் இருக்கும் பள்ளம், அது முழுக்க எண்ணெய். முன்னும் பின்னும் பிளாக்கின் குறுக்குச் சுவர்கள். அவற்றுக்கும் மேனிஃபோல்டுக்கும் உள்ள இடைவெளியைத் தனியாக அடைக்க வேண்டும்.

1205-இன் போர்ட் அளவு 1.28 க்கு 2.09 அங்குலம், தடிமன் 0.060 அங்குலம். போர்ட்டைச் சுற்றியும் தண்ணீர் வழியைச் சுற்றியும் சிலிக்கான் வரப்பு அச்சிட்டிருக்கிறார்கள். பிரின்டோசீல் என்று அவர்கள் சொல்வது இதைத்தான். இந்த வரப்பால்தான் இந்தப் பேக்கிங்குக்குக் கூடுதலாகக் காசு கொடுக்கலாம் என்கிறோம். வரப்பில்லாத சாதாரண அட்டைப் பேக்கிங்கில் போல்ட்டின் இறுக்கம் மொத்தப் பரப்பிலும் பரவிவிடும். வரப்பு இருந்தால் அதே இறுக்கம் அடைக்க வேண்டிய கோட்டில் குவியும். பழைய இரும்பு ஹெட்டின் முகத்தில் இருக்கும் சின்னக் கீறல்களை அது தாங்கிக்கொள்ளும்.

அளவைத் தேர்ந்தெடுப்பதில் நிறையப் பேர் தவறுகிறார்கள். போர்ட்டிங் செய்யாத, அதாவது போர்ட்டை அரைத்துப் பெரிதாக்காத, பழைய இரும்பு ஹெட் என்றால் 1.23 க்கு 1.99 அளவுள்ள 1204 போதும். போர்ட்டைக் கொஞ்சம் திறந்திருந்தாலோ, ஓரளவு பெரிய போர்ட்டோடு வரும் அலுமினிய ஹெட் போட்டிருந்தாலோ 1205. பேக்கிங்கின் ஓட்டை போர்ட்டைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தால் தெருவில் ஓடும் வண்டிக்கு நட்டமில்லை. சிறிதாக இருந்தால் அட்டையின் விளிம்பு காற்றோட்டத்துக்குள் நீட்டி நிற்கும், பெட்ரோலில் ஊறி நாளடைவில் பிய்யும். அதற்காக எதற்கும் இருக்கட்டும் என்று மிகப் பெரியதை வாங்கவும் கூடாது: போர்ட்டின் மேல் விளிம்பில் அடைக்கும் பட்டை குறுகிவிடும், ஏர் இழுப்பது அங்கேதான் தொடங்கும். பேக்கிங்கை ஹெட் மேல் வைத்து, இரண்டு போல்ட்டை விரலால் மாட்டி, எட்டுப் போர்ட்டையும் கண்ணால் பார்த்த பிறகே ஒட்ட வேண்டும்.

யாருக்கு இது பொருந்தாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். 1996-இல் வந்த வோர்டெக் ஹெட்டுகளில் மேனிஃபோல்டுக்கு எட்டே போல்ட்டு, பேக்கிங்கும் வேறு. 1987 முதல் வந்த இரும்பு ஹெட்டுகளில் நடு நாலு போல்ட்டுகளின் சாய்வு மாறிவிட்டது. பழைய மேனிஃபோல்டை அந்த ஹெட்டில் வலுக்கட்டாயமாக மாட்டினால் நடுப் போல்ட்டு பக்கவாட்டில் உரசிக்கொண்டே இறங்கும். முறுக்கு விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச் கிளிக் சொல்லும், பேக்கிங் மேல் இறுக்கமே இருக்காது.

ஒழுகலைக் கண்டுபிடிப்பதில் மூன்று வகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வெளிப்பக்கம் ஏர் இழுப்பது எளிதானது. ஐட்லிங் நிலையில்லாமல் ஆடும், மிக்சர் ஸ்க்ரூவைத் திருப்பினால் எந்த மாற்றமும் தெரியாது, ஒன்றிரண்டு சிலிண்டர் மிஸ் அடிக்கும். ஸ்டாக் கேம் (கம்பெனி போட்ட கேம்) உள்ள என்ஜினில் வாக்யூம் கேஜ் ஐட்லிங்கில் 17 முதல் 21 பாதரச அங்குலம் வரை ஆடாமல் நிற்க வேண்டும். ஏர் இழுத்தால் அதற்குப் பல புள்ளிகள் கீழே போய் நிற்கும். கார்புரேட்டர் அடிப் பேக்கிங், பிரேக் பூஸ்டர் குழாய், டிஸ்ட்ரிபியூட்டர் வாக்யூம் குழாய் மூன்றையும் ஒவ்வொன்றாக அடைத்துப் பார்த்த பிறகே மேனிஃபோல்டு மேல் சந்தேகப்படுங்கள். பற்றவைக்காத புரோப்பேன் குழாயை மேனிஃபோல்டு ஓரமாக மெதுவாக நகர்த்தினால், இழுக்கும் இடத்தில் என்ஜின் வேகம் ஏறும். கார்ப் கிளீனர் அடித்துப் பார்ப்பதும் இதே சோதனைதான், ஆனால் சூடான எக்ஸாஸ்ட் பக்கத்திலேயே இருப்பதால் தீப்பிடிக்கும் ஆபத்து அதிகம். புரோப்பேனானாலும் காற்றோட்டம் உள்ள இடத்தில், தீயணைப்பானைக் கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். புகை அடித்துப் பார்க்கும் இயந்திரம் கிடைத்தால் இரண்டையும்விட அதுவே நல்லது.

உள்பக்கம் இழுப்பதுதான் ஏமாற்றும். போர்ட்டின் அடி விளிம்பில் பேக்கிங் உட்காராமல், லிஃப்டர் பள்ளத்திலிருந்து எண்ணெய்ப் புகையைப் போர்ட் உறிஞ்சும். வெளியே எதை அடித்துப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. புது ரிங் போட்ட என்ஜின் நீலப்புகை விடும், ஒரு பிளக் மட்டும் எண்ணெயில் நனைந்து கறுக்கும். உடனே ரிங்கையும் வால்வ் சீலையும் சந்தேகப்பட்டு என்ஜினை இறக்கிவிடுகிறார்கள். அதற்கு முன் ஐந்து நிமிடச் சோதனை ஒன்று இருக்கிறது. என்ஜினின் உள்புகையை மேனிஃபோல்டுக்கு இழுக்கும் பிசிவி குழாயைக் கழற்றி, குழாய் முனை, வால்வ் கவர் துளை இரண்டையும் அடையுங்கள், பிரீதரையும் அடையுங்கள். என்ஜின் ஐட்லிங்கில் ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து அந்த வாயில் மெல்லிய காகிதம் ஒன்றைப் பிடியுங்கள். ரிங்கைத் தாண்டி வரும் காற்று காகிதத்தை லேசாக வெளியே தள்ள வேண்டும். மாறாக உள்ளே இழுத்துக்கொண்டால் இன்டேக் பேக்கிங் அடியில் திறந்திருக்கிறது என்று அர்த்தம்.

மூன்றாவது, தண்ணீர். ரேடியேட்டர் மூடி 15 பிஎஸ்ஐ என்றால், குளிர்ந்த என்ஜினில் அதே அழுத்தத்தை பம்ப் வைத்து ஏற்றி இருபது நிமிடம் விடுங்கள். முள் இறங்கி, வெளியே ஈரமும் தெரியவில்லை என்றால் தண்ணீர் உள்ளே போகிறது. இரவு முழுக்க நின்ற வண்டியில் எண்ணெய் வடிக்கும் பிளக்கை மெதுவாகத் தளர்த்தினால் எண்ணெய்க்கு முன் தண்ணீர் சொட்டும். அப்படிச் சொட்டினால் என்ஜினை ஒரு நிமிடம்கூட ஓட்ட வேண்டாம்; புது பேரிங்குக்கு அந்த ஒரு நிமிடமே போதும் கெடுவதற்கு.

இனி முக்கியமான இடம். ரீபில்டில் ஹெட்டின் அடியையோ பிளாக்கின் மேல் முகத்தையோ சீவினால், ஹெட் கீழேயும் உள்ளேயும் நகர்கிறது. மேனிஃபோல்டு பழைய அளவிலேயே இருக்கிறது. அதன் போர்ட்டும் போல்ட்டு ஓட்டையும் ஹெட்டில் உள்ளவற்றைவிட மேலே போய்விடும். ஸ்மால் பிளாக்கின் கோணத்துக்கு மெஷின் ஷாப்களில் புழங்கும் கணக்கு இது: ஹெட்டிலும் பிளாக்கிலும் சீவிய மொத்தத்தை 1.23-ஆல் பெருக்கினால், ஹெட்டின் இன்டேக் முகத்தில் ஒவ்வொரு பக்கமும் சீவ வேண்டிய அளவு கிடைக்கும், 1.71-ஆல் பெருக்கினால் அதனால் மேனிஃபோல்டு எவ்வளவு கீழே இறங்கும் என்பது கிடைக்கும். ஹெட்டில் 0.010, பிளாக்கில் 0.020 என்று சீவியிருந்தால் மொத்தம் 0.030 அங்குலம். இன்டேக் முகத்தில் 0.037 சீவ வேண்டும், மேனிஃபோல்டு 0.051 அங்குலம் இறங்கும், அதாவது 1.3 மில்லிமீட்டர். முன்பின் சுவர்களுக்கு மேல் 3 மில்லிமீட்டர் இடைவெளி இருந்த என்ஜின் என்றால் மேனிஃபோல்டின் அடியைத் தொடவே வேண்டாம், சிலிக்கானுக்கு இன்னும் இடம் மிச்சம் இருக்கும்.

இந்தக் கணக்கைப் பார்க்காமல் விட்டால் நடப்பது இது. 0.030 சீவிய என்ஜினில் போர்ட்டும் போல்ட்டு ஓட்டையும் அரை மில்லிமீட்டருக்கு மேல் விலகி நிற்கும். போல்ட்டு ஓட்டையின் ஓரத்தில் உரசும். முறுக்கு விசையில் ஒரு பகுதி அந்த உரசலுக்கே போய்விடும். ரெஞ்சில் 30 அடி-பவுண்டு காட்டினாலும் பேக்கிங்குக்குக் கிடைப்பது அதைவிடக் குறைவு. ரீபில்ட் செய்யும் கடையிடம் எவ்வளவு சீவினீர்கள் என்று எழுதி வாங்கச் சொல்வது இதற்காகத்தான். அந்த ஒரு எண் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கக் கூடாது.

எதைச் சீவுவது என்பதில் எங்கள் கருத்து இது. கடையில் வாங்கிய அலுமினிய மேனிஃபோல்டு என்றால் அதன் இரு பக்கங்களிலும் 1.23 கணக்கில் சீவலாம். ஹெட்டைக் கழற்றாமலே வேலை முடியும். ஆனால் அந்த மேனிஃபோல்டு இனி அந்த என்ஜினுக்கு மட்டும்தான். வண்டியோடு பிறந்த, வார்ப்பு எண்ணும் தேதியும் பொருந்தும் இரும்பு மேனிஃபோல்டு என்றால் அதைத் தொடாதீர்கள். வண்டியின் மதிப்பில் அதற்குப் பங்கு உண்டு. ஹெட் வெளியே இருக்கும்போதே இன்டேக் முகத்தைச் சீவிவிடுங்கள்.

சீவாமலே தப்பிக்க வழி உண்டா? குறைவாகச் சீவிய என்ஜினில் உண்டு. 0.060 பேக்கிங்குக்குப் பதில் 0.030 தடிமனில் மெல்லிய பேக்கிங் போட்டால் 0.030 மிச்சமாகும், மொத்தம் 0.024 வரை சீவியதை அதுவே ஈடுகட்டும். ஆனால் மெல்லிய பேக்கிங் முகத்தின் மேடுபள்ளத்தை மன்னிக்காது, முகம் கண்ணாடி போல இருக்க வேண்டும். மறுபக்கம், முன்பு யாரோ இன்டேக் முகத்தை அளவுக்கு மீறிச் சீவிய ஹெட்டுகள் வரும். அவற்றுக்கு இதே போர்ட் வடிவில் 0.120 அங்குலம் வரை தடித்த பேக்கிங் கிடைக்கிறது. இரண்டு சாதாரணப் பேக்கிங்கை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள்.

கணக்கு ஒருபுறம் இருக்க, உலர்வாக மாட்டிப் பார்ப்பதுதான் இறுதித் தீர்ப்பு. முன்பின் சீல் எதுவும் இல்லாமல், பேக்கிங்கை மட்டும் வைத்து மேனிஃபோல்டை இறக்குங்கள். பன்னிரண்டு போல்ட்டும் விரலாலேயே முழுக்க இறங்க வேண்டும். ஒன்றுகூட ஸ்பானர் கேட்கக் கூடாது. பிறகு போல்ட்டுகளை எடுத்துவிட்டு, ஒவ்வொரு போர்ட்டின் மேல் விளிம்பிலும் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்துப் பாருங்கள். பேக்கிங்கை எடுத்துவிட்டு அதே சோதனையை மறுபடி செய்தால் முகங்களின் கோணம் தெரியும்; அடி விளிம்பை முன்பின் முனைகளிலிருந்து பார்க்கலாம். மேலே தொட்டு அடியில் திறந்திருந்தால், முன்பு சொன்ன உள்பக்க இழுப்பு உங்கள் என்ஜினுக்குக் காத்திருக்கிறது என்று பொருள். கோணம் மாறிச் சீவிய ஹெட்டும், முறுக்கிக்கொண்ட மேனிஃபோல்டும் இங்கேதான் பிடிபடும். கடைசியாக முன்பின் சுவர்களின் மேல் உள்ள இடைவெளியை அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

சில செட்டுகளில் கார்க் அல்லது ரப்பரில் முன்பின் சீல் சேர்ந்து வரும். குப்பையில் போடுங்கள். சீவிய என்ஜினில் இடைவெளி குறைந்திருப்பதால் அந்தச் சீல் மேனிஃபோல்டைத் தாங்கிப் பிடித்து உயர்த்தி வைக்கும், பக்கப் பேக்கிங்குக்கு இறுக்கம் போகாது. போல்ட்டை இறுக்க இறுக்க அதுவே வெளியே பிதுங்கி விழுவதும் உண்டு. எடெல்பிராக் தன் மேனிஃபோல்டுகளின் பொருத்தும் குறிப்பிலேயே இந்தச் சீல்களைப் போடாதே, கால் அங்குல உயரத்துக்கு ஆர்டிவி (சூடாக்காமலே இறுகும்) சிலிக்கான் வரப்பு போடு, நாலு மூலைகளிலும் பேக்கிங் மேல் ஏறுமாறு போடு என்று சொல்கிறது. கால் அங்குலம் என்றால் 6 மில்லிமீட்டர். நீங்கள் அளந்த இடைவெளி அதைவிட அதிகமானால் வரப்பை இன்னும் உயர்த்துங்கள்.

சிலிக்கானில் பெர்மாடெக்ஸ் அல்ட்ரா பிளாக் இந்த வேலைக்கு நன்றாகவே போதும், எண்ணெயைத் தாங்கும். ஆனால் பொறுமை வேண்டும்: ஈரமாக இருக்கும்போதே மாட்டி, விரல் இறுக்கத்தில் ஒரு மணி நேரம் விட்டு, பிறகு முறுக்கி, 24 மணி நேரம் கழித்தே ஓட்ட வேண்டும். அதே கம்பெனியின் தி ரைட் ஸ்டஃப் உடனே ஓட்டலாம் என்ற உறுதியோடு வருகிறது, விலை அதிகம். அவசரம் இல்லாதவர்கள் அல்ட்ரா பிளாக்கில் மிச்சம் பிடிக்கலாம். இரண்டில் எதைப் போட்டாலும் சுவரின் மேல் ஒரு துளி எண்ணெய்கூட இருக்கக் கூடாது. லிஃப்டர் பள்ளத்திலிருந்து எண்ணெய் ஊர்ந்து வந்துகொண்டே இருக்கும், ஆகவே துடைப்பது வரப்பு போடுவதற்கு முந்தைய நிமிடத்தில்தான். சுவரில் சென்டர் பஞ்ச் வைத்துச் சின்னச் சின்னக் குழிகள் போட்டால் சிலிக்கான் பிடித்து நிற்கும். பின் சுவரில் ஒழுகும் எண்ணெய் நேராகக் கீழே வடிந்து பெல் ஹவுசிங்கில் சேர்வதால் ரியர் மெயின் சீல் (கிராங்க் தண்டின் பின்பக்க சீல்) போய்விட்டது என்று நினைத்து கியர் பாக்ஸை இறக்கியவர்கள் ஏராளம். கையை மேனிஃபோல்டின் பின்னால் விட்டுத் தடவிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

பழைய பேக்கிங்கைச் சுரண்டும்போது டிரில்லில் மாட்டும் உரசல் வட்டுகளைப் பயன்படுத்தாதீர்கள். அதிலிருந்து உதிரும் தூள் பள்ளத்துக்குள் போய் எண்ணெயோடு கலந்து பேரிங்கை அரைத்துவிடும். பள்ளத்தைத் துணியால் மூடி, இரும்புக்குச் சுரண்டி, அலுமினியத்துக்குப் பிளாஸ்டிக் சுரண்டி, பிறகு பிரேக் கிளீனர். தண்ணீர் வழியைச் சுற்றி இரும்பு அரித்துக் குழி விழுந்திருந்தால் எபாக்சி நிரப்பி, முகத்தோடு சமமாக அரம் போடுங்கள். பிரின்டோசீல் வரப்பின் மேல் கூடுதலாகச் சிலிக்கான் பூசாதீர்கள். வரப்பு வழுக்கிக்கொண்டு நகரும். அதனாலேயே நல்ல பேக்கிங் ஒழுகியிருக்கிறது.

மேனிஃபோல்டை நேராகக் கீழே இறக்க நாலு மூலைத் துளைகளில் தலை வெட்டிய போல்ட்டுகளை வழிகாட்டியாக நிறுத்துங்கள். ஒருமுறை சிலிக்கானில் உட்கார்ந்த பிறகு தூக்கி நகர்த்தினால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு முதலிலிருந்துதான். போல்ட்டு 3/8-16 (3/8 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 16 மரை), சில துளைகள் ஹெட்டுக்குள் எண்ணெய் இருக்கும் இடம்வரை திறந்திருக்கும், ஆகவே மரைக்கு சீலன்ட் தடவுங்கள். இல்லாவிட்டால் எண்ணெய் மரை வழியே மேலேறி போல்ட்டுத் தலையைச் சுற்றி நிற்கும். முறுக்கும் வரிசை நடுவிலிருந்து தொடங்கி இரு பக்கமும் மாறி மாறி வெளியே. இரும்பு மேனிஃபோல்டுக்கு 10, 20, 30 அடி-பவுண்டு. அலுமினியத்துக்கு 25-இல் நிறுத்துங்கள், அதாவது 34 நியூட்டன் மீட்டர். கடைசி எண்ணில் ஒருமுறை சுற்றிவந்ததும் முடிந்தது என்று விடாதீர்கள். பேக்கிங் அமுங்க அமுங்க முதல் போல்ட்டு தளரும், ரெஞ்ச் எந்தப் போல்ட்டிலும் நகராத வரை மூன்று நாலு சுற்று வர வேண்டும். அலுமினியம் சூட்டில் இரும்பைப் போல இரண்டு மடங்கு விரிவதால், ஒருமுறை நன்றாகச் சூடேறி முழுக்கக் குளிர்ந்த பிறகு மறுபடி ஒரு சுற்று. சூடாக இருக்கும்போது தொடாதீர்கள்.

டிஸ்ட்ரிபியூட்டரைத் திரும்ப மாட்டும்போது இன்னும் ஒரு வேலை இருக்கிறது. மேனிஃபோல்டு கீழே இறங்கியிருப்பதால் டிஸ்ட்ரிபியூட்டரும் அதே அளவு இறங்கும். தண்டு ஆயில் பம்ப் தண்டின் மேல் முட்டிக்கொண்டு நின்றால் அதன் பேக்கிங் மேனிஃபோல்டைத் தொடாமல் தூக்கி நிற்கும். அதைப் பிடிக் கிளாம்ப் போட்டு இறுக்கினால் கியரும் பம்பும் சேர்ந்து தேயும். கையால் அழுத்தும்போது டிஸ்ட்ரிபியூட்டரின் உடல் தானாகவே மேனிஃபோல்டில் படிய வேண்டும். படியவில்லை என்றால் காலருக்கு அடியில் ஷிம் (மெல்லிய வளையம்) வையுங்கள், இறுக்கி இறக்காதீர்கள்.